பூட் ஆகாத கணினி, காணாமல் போன பார்ட்டிஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி பூட் ஆகவில்லை என்றதும் பலருக்கும் கை போவது விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் பக்கம்தான். புதிதாக நிறுவினால் கணினி எழுந்துவிடும், உண்மைதான். உள்ளே இருந்த கோப்புகள் எழாது. நான் பார்த்தவரை இந்த மாதிரிச் சிக்கல்களில் டேட்டா தொலைவதற்குப் பழுதைவிட, பழுதுபார்க்கும் அவசரமே அதிகம் காரணமாகிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் 'என்ன செய்யலாம்' என்பதற்கு முன்னால் 'எங்கே நின்றிருக்கிறது' என்பதைத்தான் பார்க்கிறோம்.

ஆன் செய்ததும் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?

போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அந்தச் செய்தியே ஒரு தகவல். மதர்போர்டும் மெமரியும் திரையும் வேலை செய்கின்றன; விண்டோஸை எழுப்பிவிடும் சிறு நிரலான பூட் லோடர்தான் கிடைக்கவில்லை. முதலில் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்குள் போங்கள். ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் விசையை விட்டுவிட்டுத் தட்டினால் பெரும்பாலான கணினிகளில் திறக்கும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் விண்டோஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கேபிள், மின் இணைப்பு, ஸ்லாட், இல்லை டிஸ்க்கே. டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். எம்.2 எஸ்எஸ்டி என்றால் திருகைக் கழற்றி ஒருமுறை எடுத்துச் செருகுங்கள்.

பெயர் தெரிகிறது, ஆனால் பூட் ஆகவில்லை என்றால் பூட் வரிசையையும் பூட் முறையையும் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் நிறுவிய விண்டோஸை லெகசி என்ற பழைய முறையில் தேடினால் கிடைக்காது. கூடவே தேதியையும் கவனியுங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியதில் பூட் முறையும் மாறியிருக்கலாம். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லாமல் மொத்தச் சிக்கலும் அந்த வட்டப் பேட்டரியாகவே இருப்பது உண்டு.

இதற்கு மாறாக, விண்டோஸ் சின்னமும் சுழலும் புள்ளிகளும் வந்து, அப்புறம் நின்றால் பார்ட்டிஷன் அட்டவணையும் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளான பார்ட்டிஷன்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல்) பூட் லோடரும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு விண்டோஸுக்குள்ளே, அல்லது டிஸ்க் படிக்கத் திணறுகிறது. அந்த நிலையில் பார்ட்டிஷனைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

எம்பிஆர், ஜிபிடி என்கிறார்களே, எனக்கு எது?

இரண்டும் பார்ட்டிஷன் அட்டவணையை எழுதும் முறைகள். இன்றைய கணினி என்றால் ஜிபிடி. யோசிக்க வேண்டாம்.

விவரம் வேண்டுமென்றால்: எம்பிஆர் 1983-ல் பிசி டாஸ் 2.0-வோடு வந்தது. டிஸ்க்கின் முதல் செக்டாரில் (டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் பயன்படும் சிறு துண்டு) 512 பைட். அதில் 446 பைட் பூட் நிரலுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. கடைசி 2 பைட் ஓர் அடையாளம். அந்த 64 பைட்டில் ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்குதான் பதிய முடியும். அதனால்தான் நான்கு பிரைமரி என்ற கட்டுப்பாடும், அதைச் சமாளிக்க எக்ஸ்டெண்டட் என்ற ஒன்றுக்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களை அடுக்கும் சுற்றுவழியும். செக்டார் எண்ணுக்கு 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதால் வழக்கமான 512 பைட் செக்டாரில் 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது. 3 டெராபைட் டிஸ்க்கை எம்பிஆர் ஆக்கினால் மீதி இடம் பயன்படாமல் கிடக்கும்.

ஜிபிடியில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கிறது. அதைவிட முக்கியமானது, அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். முதல் பிரதி கெட்டால் இரண்டாவதிலிருந்து மீட்கலாம். எம்பிஆரில் அந்த ஒரே செக்டார் போனால் அட்டவணையும் போயிற்று.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் சி, டி போன்ற எழுத்து இல்லாத சின்னச் சின்னப் பார்ட்டிஷன்கள் தெரிகின்றன. அழித்து இடத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 100 எம்பி அளவில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று இருப்பதில்தான் பூட் லோடர் உட்கார்ந்திருக்கிறது. அது ஃபேட்32 வடிவில் இருக்கும். அதை அழித்தால் விண்டோஸ் முழுதாக இருந்தும் கணினிக்கு அதன் வாசல் தெரியாது. சில நூறு எம்பியில் 'ரிகவரி' என்று இருப்பது மீட்புச் சூழல். கணினி நின்றுபோகும் நாளில் கைகொடுப்பது அதுதான். இவற்றுக்கு நடுவே மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிவைக்கும் 16 எம்பி பார்ட்டிஷன் ஒன்றும் உண்டு, அது இந்தத் திரையில் தெரியவே தெரியாது.

மொத்தத்தையும் அழித்தாலும் ஒரு ஜிபி தேறுவதே கஷ்டம். ரிகவரி சிறியதாக இருந்தாலே தலைவலி வரும்: 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 புதுப்பிப்பு, ரிகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இல்லாத கணினிகளில் 0எக்ஸ்80070643 என்ற பிழையோடு நிறுவ மறுத்தது.

சி டிரைவ் நிரம்பிவிட்டது, டி-யில் ஏகப்பட்ட இடம். டி-யைச் சுருக்கினேன், ஆனாலும் சி-யில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கிறதே?

டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையின் கீழ்ப்பாதியை இடமிருந்து வலமாகப் படியுங்கள். டிஸ்க்கில் இருக்கும் வரிசை அதுதான். பெரும்பாலும் இப்படி இருக்கும்: இஎஃப்ஐ, அடுத்து சி, அடுத்து ரிகவரி, அடுத்து டி, கடைசியில் கறுப்புப் பட்டையோடு நீங்கள் விடுவித்த காலி இடம். விண்டோஸ், சி-க்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே சேர்க்கும். உங்கள் காலி இடமோ டி-யைத் தாண்டி நிற்கிறது. பழைய எம்பிஆர் டிஸ்க்கில் இன்னொரு வினோதம் உண்டு. டி, எக்ஸ்டெண்டட்டைக் காட்டும் பச்சைக் கட்டத்துக்குள் லாஜிக்கலாக இருந்தால், அதை அழித்தாலும் காலி இடம் அந்தப் பச்சைக் கட்டத்துக்குள்ளேயே இருக்கும், சி-க்குக் கிடைக்காது.

ஜிபார்ட்டட் போன்ற கருவியால் டி-யை வலப்பக்கம் நகர்த்தலாம், ரிகவரியையும் நகர்த்தலாம். ஆனால் நகர்த்துவது என்றால் உள்ளே இருக்கும் டேட்டாவை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் படியெடுப்பது. சில நூறு ஜிபி என்றால் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் பார்ட்டிஷன் பாதியில் தொங்கும். பேக்கப் இல்லாமல் தொடங்காதீர்கள். ரிகவரியை நகர்த்தினால் அப்புறம் ரீஏஜென்ட்சி கட்டளையால் மீட்புச் சூழல் இயங்குநிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் இவ்வளவு ஆபத்து எதற்கு? டவுன்லோட்ஸ், வீடியோஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் ப்ராப்பர்ட்டீஸில் 'லொக்கேஷன்' பகுதிக்குப் போய் டி-க்கு மாற்றுங்கள். சி தானாகவே மூச்சு விடும், ஒரு பார்ட்டிஷனும் அசையாது.

200 ஜிபி காலியாக இருக்கும் டிரைவைச் சுருக்கப் போனால் 15 ஜிபிதான் முடியும் என்கிறது. ஏன்?

நகர்த்த முடியாத கோப்பு ஒன்று டிரைவின் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேஜ் ஃபைல் (மெமரிக்குத் துணையானது), ஹைபர்னேஷன் ஃபைல் (உறங்கும்போது மெமரியைச் சேமிப்பது), ரீஸ்டோர் பாயின்ட்கள் (பழைய நிலைக்குத் திரும்ப உதவுபவை) ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்குங்கள். அப்போதும் மறுத்தால் விண்டோஸில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். எந்தக் கோப்பு மறிக்கிறது என்று பெயரோடு எழுதியிருக்கும். சுருக்கி முடிந்ததும் மூன்றையும் திரும்ப இயக்க மறக்க வேண்டாம்.

டிரைவைத் திறந்தால் 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்கிறது. 'ரா' என்று காட்டுகிறது. ஃபார்மேட் செய்துவிட்டு ரிகவரி மென்பொருள் போடலாமா?

கூடாது. 'கேன்சல்' அழுத்துங்கள். 'ரா' என்றால் கோப்பு முறைமையை (எந்தக் கோப்பு எங்கே என்ற குறிப்பு) விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று பொருள். ஒரு புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் கிழிந்துவிட்டது, அவ்வளவுதான். உள்பக்கங்கள் அநேகமாக அப்படியே இருக்கும். ஃபார்மேட் செய்வது கிழிந்த பக்கத்தின் மேல் வெற்றுப் பொருளடக்கம் ஒன்றை ஒட்டுவது.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள் (அடுத்த கேள்வி). டக் டக் என்ற சத்தம் வந்தாலோ, ஸ்மார்ட் எண்கள் (டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) மோசமாக இருந்தாலோ, செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்தும் கருவி, டேட்டாவைக் காப்பாற்றும் கருவி அல்ல. சாகும் டிஸ்க்கில் அது எழுதத் தொடங்கினால் இருப்பதும் போகலாம். அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்கை எடுத்து, நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூவால் முழுப் பிரதி எடுங்கள். அது முதலில் சுலபமாகப் படிக்க வரும் பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில் வரும். குறிப்புக் கோப்பு ஒன்றைக் கொடுத்து ஓட்டினால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சத்தம் பலமாக இருந்தாலோ, உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காத டேட்டாவாக இருந்தாலோ இதையும் செய்யாமல் அணைத்துவிட்டு, டேட்டா மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே சரி.

பிரதி கையில் வந்த பிறகு அந்தப் பிரதியின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற பார்ட்டிஷன் மீட்புக் கருவியை ஓட்டுங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமை) பார்ட்டிஷனின் பூட் செக்டாருக்கு, அதாவது முதல் செக்டாருக்கு, ஒரு நகல், பார்ட்டிஷனின் கடைசிச் செக்டாரில் இருக்கும். டெஸ்ட்டிஸ்க் அதை எடுத்து முன்னால் எழுதிவிட்டால் பல சமயம் ஃபோல்டர்கள் பெயரோடு அப்படியே திரும்பி வரும். அது முடியாவிட்டால் ஃபோட்டோரெக் இருக்கிறது. கோப்புகளின் உள்ளடக்கத்தை வைத்துத் தேடி எடுக்கும், ஆனால் பழைய பெயரும் ஃபோல்டர் அமைப்பும் கிடைக்காது. மீட்ட கோப்புகளை அதே டிரைவில் சேமிக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

எஸ்எஸ்டியில் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்துவிட்டீர்கள் என்றால் நிலைமை வேறு. ட்ரிம் என்ற கட்டளை காலியான பகுதிகளை எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். அது உள்ளுக்குள் துடைத்துவிடும். ஹார்ட் டிஸ்க் அளவுக்கு அங்கே நம்பிக்கை வைக்க முடியாது.

டிஸ்க் சாகப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றைத் திறந்து ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் நான் முதலில் பார்ப்பது 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகள்: மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், திருத்த முடியாதவை. மூன்றிலும் கடைசிப் பத்தி பூஜ்யமாக இருந்தால் நல்லது. சின்ன எண் ஒன்று பல மாதமாக மாறாமல் இருந்தால் கண் வைத்திருங்கள். வாரத்துக்கு வாரம் ஏறினால் இன்றே பேக்கப் எடுங்கள்.

199 மட்டும் ஏறுகிறது என்றால் சந்தோஷப்படலாம். அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே நடக்கும் பரிமாற்றப் பிழை, அநேகமாகக் கேபிள்தான். கேபிளை மாற்றிய பிறகு அந்த எண் குறையாது, ஆனால் ஏறுவது நின்றுவிடும்.

'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஓடிவிட்டு முடியவில்லை என்கிறது. பூட்ரெக் கட்டளைகளையும் கொடுத்துப் பார்த்தேன், 'ஆக்சஸ் டினைட்' வருகிறது.

எங்கு தேடினாலும் பூட்ரெக் என்ற பூட் பழுதுநீக்கும் கருவியின் அதே நான்கு வரிகளைத்தான் சொல்கிறார்கள். அவற்றில் 'ஃபிக்ஸ் எம்பிஆர்' என்பது பழைய லெகசி முறைக் கணினிக்கான மருந்து. ஜிபிடி டிஸ்க்கில் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் கணினிக்கு அதனால் பயன் இல்லை. 'ஃபிக்ஸ் பூட்' கொடுத்தால் வரும் அந்த 'ஆக்சஸ் டினைட்' பலருக்கும் வருவதுதான். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

யூஇஎஃப்ஐ கணினியில் வேலை செய்வது, பூட் கோப்புகளைப் புதிதாக எழுதும் பிசிடிபூட். மீட்புச் சூழலில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து டிஸ்க்பார்ட் என்ற பார்ட்டிஷன் கருவியில் 'லிஸ்ட் வால்யூம்' கொடுங்கள். இங்கே நிதானம் தேவை: மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். உங்கள் வழக்கமான சி, அங்கே டி என்று வரலாம். அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள், சந்தேகம் இருந்தால் 'டிர்' கட்டளையால் உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் ஃபேட்32 என்று 100 எம்பி அளவில் இருக்கும் வால்யூமைத் தேர்ந்து, 'அசைன்' மூலம் அதற்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். பிறகு பிசிடிபூட்டுக்கு விண்டோஸ் ஃபோல்டரின் பாதையையும், இலக்காக எஸ் டிரைவையும், வகையாக யூஇஎஃப்ஐ என்பதையும் கொடுங்கள். பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டதாக ஒரே வரியில் பதில் வரும். இந்தக் கட்டளை உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடுவதே இல்லை.

லெகசி முறை என்றால் ஃபிக்ஸ் எம்பிஆர் தாராளமாகக் கொடுக்கலாம்; அது பூட் நிரலை மட்டும் மாற்றும், பார்ட்டிஷன் அட்டவணையை விட்டுவிடும். பூட் பார்ட்டிஷன் 'ஆக்டிவ்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பயாஸில் ஏதோ மாற்றினேன். இப்போது 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை.

மாற்றியதைத் திரும்ப மாற்றுங்கள். பெரும்பாலும் அது ஏஎச்சிஐ, ரெய்டு, விஎம்டி என்ற சொற்கள் (டிஸ்க்கோடு பேசும் முறைகள்) இருக்கும் வரியாக இருக்கும். விண்டோஸ் ஒரு முறைக்கான டிரைவரை வைத்துப் பூட் ஆகிறது. நீங்கள் முறையை மாற்றினால் அதற்கு டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் விண்டோஸுக்குள் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் மோடை (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும் நிலை) தேர்ந்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுந்த பிறகு அந்தத் தேர்வை நீக்குங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் இதற்கு முன் அதன் மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறது. பயாஸில் மட்டும் தெரிகிறது.

இதுவும் அதே குடும்பம்தான். 11-ஆம் தலைமுறை இன்டெல் செயலியிலிருந்து பல மடிக்கணினிகளில் விஎம்டி இயங்குநிலையில் வருகிறது. நிறுவியிடம் அதற்கான டிரைவர் இல்லை. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, விரித்து, பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' மூலம் காட்டினால் டிஸ்க் தோன்றும்.

லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்து அழித்தேன். இப்போது 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் வருகிறது.

விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது, பதற்றம் வேண்டாம். லினக்ஸோடு வந்த பூட் லோடரான கிரப்பின் முதல் பகுதி இன்னும் இருக்கிறது. அது தேடும் மீதிக் கோப்புகள் நீங்கள் அழித்த பார்ட்டிஷனில் இருந்தன. யூஇஎஃப்ஐ கணினி என்றால் பூட் மெனுவைத் திறந்து 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தால் போதும், விண்டோஸ் வந்துவிடும். அப்புறம் பயாஸில் அதை முதல் வரிசையில் வையுங்கள். லெகசி என்றால் மீட்பு பென்டிரைவிலிருந்து ஃபிக்ஸ் எம்பிஆர்.

லினக்ஸை அழிக்கவில்லை, பார்ட்டிஷன்களை மாற்றியமைத்தபோது எண் மாறிவிட்டது என்றால் அந்தக் கறுப்புத் திரையிலேயே மீட்கலாம். 'எல்எஸ்' என்று தட்டுங்கள். எச்டி0, ஜிபிடி1 என்றும் எச்டி0, ஜிபிடி5 என்றும் அடைப்புக்குறிக்குள் பார்ட்டிஷன்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பெயரோடும் ஒரு சாய்கோடு சேர்த்து மறுபடி எல்எஸ் கொடுத்துப் பாருங்கள். தெரியாத கோப்பு முறைமை என்று வந்தால் அடுத்ததற்குப் போங்கள். பூட், ஹோம், ஈடிசி என்ற பெயர்கள் வரும் பார்ட்டிஷன்தான் உங்களுடையது. 'செட்' கட்டளையால் ரூட் அந்தப் பார்ட்டிஷன் என்றும், பிரிஃபிக்ஸ் அதனுள் இருக்கும் பூட் ஃபோல்டரின் கிரப் ஃபோல்டர் என்றும் கொடுங்கள். அடுத்து 'இன்ஸ்மாட் நார்மல்', அதற்கடுத்து வெறும் 'நார்மல்'. வழக்கமான மெனு வந்துவிடும். ஆனால் இது இந்த ஒரு பூட்டுக்கு மட்டும். லினக்ஸுக்குள் போனதும் கிரப்பை மறுபடி நிறுவி, அதன் பட்டியலையும் புதுப்பியுங்கள். விட்டுவிட்டால் அடுத்த முறை அதே கறுப்புத் திரை.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லை, படிக்க மட்டும் முடிகிறது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி உறங்கும் நிலையில்தான் போகிறது. அந்த டிரைவில் வேறொருவர் எழுதினால் குழப்பம் என்று லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. விண்டோஸின் பவர் அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் அணைத்தே வைத்திருப்பது நல்லது.

பயாஸ் புதுப்பித்தேன், பிட்லாக்கர் சாவி கேட்கிறது. நான் பிட்லாக்கர் போடவே இல்லையே?

நீங்கள் போட்டிருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல கணினிகளில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் பிட்லாக்கர் தானாகவே இயங்கிவிடும். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் இன்னும் பல கணினிகளில் இது நடக்கிறது. பயாஸ், செக்யூர் பூட் (நம்பகமான பூட் லோடரை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு), டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) இவற்றில் எது மாறினாலும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். வேறொரு கருவியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் காட்டும் சாவி அடையாள எண்ணோடு ஒப்பிட்டு எடுங்கள். சாவி எங்கேயும் இல்லை என்றால் டேட்டா கிடையாது. இதற்கு மீட்பு மென்பொருள் எதுவும் உதவாது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. ஒரே ஒரு கோப்பை அழித்தால் சரியாகிவிடும் சிக்கல்தான். ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அந்தக் கோப்பு வரை போகவே சாவி வேண்டியிருந்தது. ஆகவே கணினி நன்றாக இருக்கும்போதே சாவியைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். பயாஸ் புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்தால் இந்தக் கேள்வியே எழாது.

பழைய எம்பிஆர் டிஸ்க்கை டேட்டா அழியாமல் ஜிபிடி ஆக்க முடியுமா?

முடியும். விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் இருக்கவே கூடாது. முதலில் 'வேலிடேட்' கொடுத்துப் பாருங்கள். அது எதையும் மாற்றாமல் முடியுமா முடியாதா என்று மட்டும் சொல்லும். மாற்றிய உடனே பயாஸில் லெகசியிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் முதல் கேள்விக்கே திரும்ப வருவீர்கள். மதர்போர்டு யூஇஎஃப்ஐயை ஆதரிக்காது என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

1 டெராபைட் டிஸ்க் வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏதாவது பார்ட்டிஷன் மறைந்திருக்கிறதா?

இல்லை. தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

பழைய டிஸ்க்கை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறேன். டிஸ்க்பார்ட்டில் 'க்ளீன்' கொடுத்தால் போதுமா?

போதாது. வெறும் 'க்ளீன்' பார்ட்டிஷன் விவரங்களை மட்டும் துடைக்கும். மேலே சொன்ன டெஸ்ட்டிஸ்க்கை வைத்து யாரும் அவற்றைத் திரும்ப எடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் 'க்ளீன் ஆல்' கொடுங்கள். ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்யம் எழுதும், பெரிய டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகும். எஸ்எஸ்டிக்கு அதன் தயாரிப்பாளரின் மென்பொருளிலோ சில பயாஸ்களிலோ இருக்கும் 'செக்யூர் இரேஸ்' சரியான வழி. எதுவானாலும் முதலில் 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, டிஸ்க் எண்ணையும் அளவையும் சரிபாருங்கள். க்ளீன் கட்டளை 'நிச்சயமா?' என்று கேட்காது. முடிந்தால் கொடுக்கப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்றவற்றின் கேபிளைக் கழற்றிவிட்டு, பென்டிரைவிலிருந்து பூட் செய்து இதைச் செய்யுங்கள்.